புனானைச் சிறுத்தையும் காட்டோரக் குடிகளும்

மட்டக்களப்பிலிருந்து பொலன்னறுவைக்குச் செல்லும் பெருந்தெரு வாழைச்சேனையைக் கடந்து மேற்கே செல்லச்செல்லக் காட்டினுட் புகுகின்றது. அக்காட்டிடையே அமைந்த சிற்றூர் புனானை. இன்று பேருந்திலோ புகையிரதத்திலோ செல்வோர் அவ்வூரைச் சில கணங்களிற் கடந்து விடுவர். ஆனால், 1920 களின் முற்பகுதியில் அவ்வழியே சென்றவர்கள் அதனை அவ்வளவு எளிதாகக் கடந்தார்களல்லர். அத்தெருவிலே சென்றவர்களைச் சிறுத்தை ஒன்று அடித்துக் கொண்டுபோயிற்று. குறைந்தது 12 பேரேனும் அதற்கு இரையாயினர்.

1924 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே கப்டன் ஷெல்டன் ஏகார் என்னும் ஆங்கிலேய வேட்டையர் அவ்வழியே வந்தபோது இச்செய்தியை அறிந்தார். பலியான ஒருவரின் உடல் கிடந்த இடத்தருகே மரத்தின்மேல் ஏறிக் காத்திருந்து, தன் இரையை நாடித் திரும்பி வந்த சிறுத்தையை அவர் சுட்டு வீழ்த்தினார். பாடஞ் செய்யப்பட்ட அவ்விலங்கு கொழும்பு தேசிய நூதனசாலையைச் சேர்ந்தது. இலங்கையிலே மனிதரைத் தின்னும் பழக்கங் கொண்டதென அதிகாரபூர்வமாகப் பதியப்பட்ட சிறுத்தை அது ஒன்றே.

அது ஒன்றே என்பதைச் சற்று ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். நம் நாட்டிலே சிங்கமும் இல்லை, வேங்கைப்புலியும் இல்லை. கிழக்கிலங்கைத் தமிழர் பேச்சில் 'புலி' என்று வழங்குவது பெரும்பாலும் சிறுத்தையையே. காட்டிலே அதனை எதிர்க்கவல்ல வேறு கொல்விலங்கு இல்லாமையால் அதுவே அங்கு அரசாயிற்று. நூதனசாலை அதிபராயிருந்த கலாநிதி பி. ஈ. பி. தெரணியகல 1956 ஆம் ஆண்டிலே இதனை இந்நாட்டுக்கே உரிய தனிக் கிளையினமாக வகுத்துப் பெயரிட்டார். இவ்வளவு வலிமையுள்ள ஒரு விலங்கு, வயலும் சேனையும் குளமும் கோயிலுமாகக் காட்டோடு ஒட்டி வாழ்ந்த மக்களிடையே பன்னெடுங்காலம் உலாவியும், மனிதரை உண்ணத் தலைப்பட்டதாக ஒரேயொரு பதிவையே விட்டுச் சென்றிருக்கின்றது.

அக்காலத்திலேயே இந்தியாவின் வடக்கில் நிகழ்ந்ததை இதனோடு ஒப்பிடலாம். இமயமலைச் சாரலிலே, கேதாரநாதத்திற்கும் பதரிநாதத்திற்கும் செல்லும் யாத்திரை வழியில் உள்ளது ருத்திரப்பிரயாகை. அங்கே 1918 முதல் 1926 வரை சிறுத்தை ஒன்று நூற்றிருபத்தைந்துக்கு மேற்பட்டோரைக் கொன்றது. அதனை 1926 ஆம் ஆண்டு மே மாதம் ஜிம் கோர்பெட் சுட்டுக் கொன்றார். 1918 ஆம் ஆண்டின் கொள்ளைநோயிலே மாண்டோரைத் தகனஞ் செய்ய ஆளில்லாமல் உடல்களைப் பள்ளங்களிலே விட்டமையால், சிறுத்தை மனித ஊனின் சுவையை அறிந்தது என்பது கோர்பெட் கூறிய விளக்கம். மனிதரின் துன்பமே அங்கே விலங்கின் கொடுமைக்கு வாயிலாயிற்று.

புனானையில் அத்தகைய கொள்ளைநோய்க் கதை இல்லை. ஆயினும் இரண்டிற்கும் பொதுவான ஓர் அம்சம் உண்டு. இரண்டும் வழியிலே நிகழ்ந்தவை. ருத்திரப்பிரயாகையில் யாத்திரிகர் வழி; புனானையில் வண்டிக்காரரும் கூலியாட்களும் கால்நடையாகச் சென்ற வழி. அப்பத்தாண்டிலேதான் மட்டக்களப்புக்குப் புகையிரதப் பாதையும் காட்டை ஊடறுத்து அமைக்கப்பட்டு, 1928 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. விலங்கின் வழியை மனிதனின் வழி குறுக்கிடும் இடத்திலே, அதுவும் மனிதன் தனித்தும் இருட்டிலும் செல்லும் வேளையிலே, ஆபத்துப் பிறக்கின்றது.

இதனைக் காட்டோரத்து மக்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். மட்டக்களப்புக்குத் தெற்கே கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று, திருக்கோவில், அதனை அடுத்த வினாயகபுரம் எனக் கரையோரமாகத் தொடரும் ஊர்களை நோக்கினால் இவ்வுண்மை விளங்கும். கிழக்கே கடல், மேற்கே வட்டைகளும் குளங்களும், அவற்றிற்கு அப்பாற் காடு. தமிழரும் முஸ்லிம்களும் ஊரிலே வீடு கட்டி, வட்டையிலே வேளாண்மை செய்து, மேய்ச்சல் தரையிலே மாட்டுப்பட்டி வைத்து வாழ்ந்து வந்தனர். வேளாண்மைக் காலத்திலே வட்டைக் காவலுக்குப் பரண் கட்டினர். இரவிலே கன்றுகளைத் தனியே அடைத்தனர். பட்டியைச் சுற்றி முள்வேலி இட்டு, தீ மூட்டிக் காத்தனர். இப்பகுதியினூடாகக் கதிர்காமத்திற்கு நடந்து செல்லும் அடியார்கள் உகந்தையைக் கடந்து குமனை, யாலைக் காடுகளுக்குட் புகும்போது தனித்துச் செல்வதில்லை. கூட்டமாகப் பகலில் நடந்து, அரோகரா ஒலி எழுப்பிச் செல்வர். பக்தி நெறியாக விளங்கும் அவ்வழக்கத்திலே காட்டு வழிக்கு வேண்டிய காவலும் அடங்கியிருக்கின்றது.

நீரிலே உறையும் கொல்விலங்கோடும் இவர்களுக்கு நெடுநாட் பழக்கம் உண்டு. குளங்களிலே நன்னீர் முதலையும், ஆற்று முகங்களிலும் வாவிகளிலும் உவர்நீர் முதலையும் வாழ்கின்றன. 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த சேர் எமர்சன் டெனன்ற், 1861 ஆம் ஆண்டிலே வெளியிட்ட இயற்கை வரலாற்று நூலில், மட்டக்களப்பிலே முதலையைத் தூண்டிலிட்டுப் பிடிக்கும் முறையை எழுதியுள்ளார். தூண்டிலை ஒற்றைக் கயிற்றிற் கட்டினால் முதலை கடித்து அறுத்துவிடும். ஆதலின் பல மெல்லிய கயிறுகளை முறுக்காமற் சேர்த்துக் கட்டுவர். அவை பற்களின் இடைவெளிகளிற் புகுந்துகொள்ள, அவற்றை அறுக்க அதனால் இயலாது. ஒரு விலங்கின் பல்வரிசையைக்கூட உற்று நோக்கி அறிந்தவர்களின் கைத்திறன் இது. இலங்கையின் தென்கோடியிலே, மாத்தறையின் நில்வளா கங்கையில், குளிக்கும் துறைகளைச் சுற்றி முதலை புகாதவாறு அடைப்புக்கள் அமைக்கப்பட்டன. விலங்கைக் கொல்லாமலே உயிரைக் காக்கும் வழி அது.

ஆங்கிலேயர் ஆட்சி வேறொரு வழியை நாடிற்று. பயிருக்கும் குடிகளுக்கும் கேடென்று கருதிய விலங்குகளைக் கொல்வோருக்கு அரசாங்கம் பரிசளித்தது. அம்முறையின் வேகத்தை யானையின் கதையிலிருந்து அறியலாம். 1848 ஆம் ஆண்டுக்கு முன், வடமாகாணத்தின் ஒரு பகுதியிலே மாத்திரம், மூன்றாண்டுகளுக்கும் குறைந்த காலத்தில் 3,500 க்கு மேற்பட்ட யானைகளுக்குப் பரிசு கொடுக்கப்பட்டதென டெனன்ற் குறித்துள்ளார். துப்பாக்கி ஏந்திய துரைமார்க்கு வேட்டை ஒரு பொழுதுபோக்காயிற்று. ஆனால், பட்டிக் காவலனின் கையிலே அன்றும் தீவட்டியும் தடியுமே இருந்தன.

காலப்போக்கிலே எண்ணமும் மாறிற்று. 1937 ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், அதன் பின் வந்த திருத்தங்களும் சிறுத்தையைக் காக்கப்படவேண்டிய விலங்காக்கின. 1938 இல் யாலையும் வில்பத்துவும் தேசிய வனங்களாயின. 1949 ஆம் ஆண்டிலே வனசீவராசிகள் திணைக்களம் தோன்றிற்று. அதே ஆண்டிலேயே கிழக்கில் கல்லோயாத் திட்டமும் தொடங்கிற்று. இங்கினியாகலையில் அணை எழுந்தது. சேனாநாயக்க சமுத்திரம் நிறைந்தது. பெருங்காடு வயலாகவும் குடியேற்றமாகவும் மாறியது. அந்நீர்த்தேக்கத்தின் நீரேந்து பகுதியைக் காக்க 1954 இல் கல்லோயாத் தேசிய வனம் ஏற்படுத்தப்பட்டது. காட்டை அழித்த காலமும் காட்டைக் காக்க முற்பட்ட காலமும் ஒன்றே. ஒரு கை வெட்டிய எல்லையை மறு கை வேலியிட்டது. அவ்விரண்டிற்கும் நடுவிலே அகப்பட்டவர்கள் எல்லையோரக் குடிகளும் எல்லை இழந்த விலங்குகளுமே.

அண்மைக்கால நிகழ்ச்சிகள் இதனை மெய்ப்பிக்கின்றன. 2017 செப்டெம்பர் மாதத்தில் அறுகம்பைக்குத் தெற்கே, யானைப்பாறை அருகே உள்ள நீர்நிலையில், வெளிநாட்டிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் முதலைக்கு இரையானார். 2018 ஜூன் மாதத்தில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் குடிமனைக்குள் வந்த சிறுத்தை, வனசீவராசிகள் உத்தியோகத்தர் ஒருவர் உட்பட ஏறக்குறையப் பத்துப் பேரைக் காயப்படுத்திற்று. பின்னர் ஊரவர் அதனை அடித்துக் கொன்றனர். அக்காட்சி படமாக நாடெங்கும் பரவியது, பலர் கைதாயினர். 2020 மே மாதத்தில் மலைநாட்டின் நல்லதண்ணியிலே, அரிதினும் அரிதான கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிச் சுருக்கில் அகப்பட்டு மாண்டது.

இவற்றிற் பழி யாருக்கு என்று வினவுவது எளிது. அம்பாள்குளத்து மக்களைக் கொடியோர் என்று தூர நகரத்தில் இருந்துகொண்டு கூறுவதும் எளிது. ஆனால், பிள்ளைகள் விளையாடும் முற்றத்திலே சிறுத்தை நிற்கும்போது, அதனைக் காக்கும் சட்டத்தை மாத்திரம் எடுத்துரைத்தல் அக்குடியைக் காக்காது. மயக்க மருந்துடன் மருத்துவர் விரைந்து வருதல் வேண்டும். கூட்டத்தை விலக்கி நிறுத்தவல்ல அதிகாரிகள் அருகில் இருத்தல் வேண்டும். கன்றை இழந்தவனுக்கு இழப்பீடு காலந் தாழாமற் கிடைத்தல் வேண்டும். சிறுத்தை நாட்டின் செல்வம் என்றால், அதனைப் பேணும் செலவும் நாட்டுக்கே உரியது. பட்டிக்காரன் ஒருவனின் தலைமேல் அதனைச் சுமத்துதல் நீதியாகாது.

புனானையில் ஏகார் செய்தது அன்று தவிர்க்கவொண்ணாதது. மனிதரை உண்ணத் தொடங்கிய விலங்கை அகற்றாமல் அவ்வழி மக்களுக்கு விடிவு இருந்திராது. ஆயினும், பன்னிரண்டு பேர் இறந்த பின்னரே அத்துப்பாக்கி வந்தது என்பதை மறத்தலாகாது. அதுவும் அவ்வழியே ஒரு வேட்டையர் வர நேர்ந்தமையால் வந்தது. தற்செயலாக வரும் வீரனை நம்பி ஊர் வாழ முடியாது. வினாயகபுரம் முதலாய கரையோர ஊர்களின் முன்னோர் முள்வேலியாலும், தீயாலும், கூட்டு நடையாலும் தம்மையும் தம் கால்நடைகளையும் காத்து வந்தனர். அவ்வறிவை இன்றைய சட்டமும், அறிவியலும், அரசாங்கத்தின் கையும் வலுப்படுத்தினால், காட்டோரத்துக் குடிமகன் இரவிலே அச்சமின்றி உறங்கலாம். காட்டிலுள்ள சிறுத்தையும் தன் வழியே செல்லலாம்.