பெயர் இல்லாத பங்காளி

அலெக்ஸாண்டர் டூமாவின் 'மூன்று மஸ்கட்டியர்'களைக் கையில் எடுத்தவர்கள் அடுப்பில் பால் பொங்கினாலும் எழுந்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த நாவலுக்கு இன்னொரு பங்காளி உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அவர் பெயர் ஒகுஸ்த் மாக்கே.

மாக்கே பாரிஸ் நகரில் சரித்திர வாத்தியார். எழுத்து ஆசை யாரை விட்டது? அவர் எழுதிய நாடகத்தை மேடைக்காரர்கள் திருப்பி அனுப்ப, கவிஞர் நெர்வால் அதை டூமாவிடம் சேர்ப்பித்தார். டூமாவின் கை பட்டதும் நாடகம் அரங்கேறிவிட்டது! அடுத்தபடியாக மாக்கே கொண்டுவந்த கதையை டூமா பெரிய நாவலாக்கினார். 1841-42-இல் அது பத்திரிகையில் வெளியானபோது மாக்கேயின் பெயர் இல்லை. டூமாவின் பெயர் மட்டும் இருந்தால் வரிக்கு 3 பிராங்க், இரண்டு பெயர் இருந்தால் அதில் பாதி என்று பத்திரிகை முதலாளி கணக்குச் சொன்னாராம்.

அதன்பின் அதுவே வழக்கமாயிற்று. பழைய ஏடுகளைக் குடைந்து, கதையைக் கட்டி, முதல் பிரதி எழுதுவது மாக்கே. அதைத் திருத்தி, விரித்து, சம்பாஷணைகளால் உயிரூட்டுவது டூமா. 'மூன்று மஸ்கட்டியர்கள்', 'மாண்டி கிறிஸ்டோ பிரபு' இரண்டும் 1844-இல் இப்படித்தான் தொடர்கதைகளாகப் புறப்பட்டன.

1845-இல் மிர்க்கூர் என்பவர், டூமா நடத்துவது நாவல் தொழிற்சாலை என்று ஒரு துண்டுப் பிரசுரம் போட்டார். அவதூறுக்காக அவருக்கு 15 நாள் சிறை கிடைத்தது. அதே ஆண்டில், தமக்கு உரிமை எதுவும் வேண்டாம் என்று மாக்கே டூமாவுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். நட்பு அப்படி!

டூமா கடனில் மூழ்கி, பேசிய பணம் வராமற்போகவே, நட்பு கோர்ட்டு வாசலில் போய் நின்றது. 1858-இல் தீர்ப்பாயிற்று: மாக்கேக்குப் பணம் உண்டு; ஆசிரியர் என்ற பெயர் கிடையாது.

இது நியாயமா? மிலாடியின் முடிவைப் பற்றி மாக்கே எழுதிய முதல் பிரதி இன்றும் இருக்கிறது. அதையும் அச்சான அத்தியாயத்தையும் ஒப்பிட்டால் டூமாவின் மேதை பளிச்சென்று தெரியும். ஆனால் எலும்புக்கூடு இல்லாமல் எந்த உயிர் எழுந்து நடந்தது? பெயரைப் பெரிய எழுத்தில் போட வேண்டாம். சின்ன எழுத்திலாவது போட்டிருக்கலாம்.

1870-இல் இறந்த டூமாவை 2002-இல் பிரான்ஸ் தேசம் பாந்தியன் மண்டபத்தில் மறு அடக்கம் செய்து கௌரவித்தது. 1888-இல் மறைந்த மாக்கே பாரிஸில் பேர்லஷேஸ் மயானத்தில் உறங்குகிறார். அவருடைய கல்லறையில் அந்த நாவல்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நாவல்களின் அட்டையில் அவருடைய பெயர் ஏறவில்லை. நாவல்களின் பெயர்கள் அவருடைய கல்லில் ஏறிவிட்டன.