களர், உவர் நிலங்கள்

மண்ணில் கரையும் உப்புகளோ சோடியமோ மிகுந்து, பயிர் வளர்ச்சியைக் குன்றச் செய்யும் நிலங்கள் முறையே உவர், களர் நிலங்கள் எனப்படும். இந்தியாவில் ஏறத்தாழ 67 லட்சம் ஹெக்டேர் நிலம் இவ்வாறு பாதிக்கப்பட்டுள்ளது. குஜராத்தில் இதன் பரப்பு மிகுதி.

தன்மைகள்

உவர் நிலத்தின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்சுக்கு மேல் இருக்கும். கோடையில் மேற்பரப்பில் வெள்ளையாக உப்புப் பூக்கும். மண்ணில் ஈரமிருந்தும் வேர்கள் நீரை உறிஞ்ச முடியாமல் பயிர் வாடும். களர் நிலத்தில் கார அமிலநிலை 8.5ஐத் தாண்டும், மண்துகள்களில் ஒட்டியுள்ள பரிமாற்ற அயனிகளில் சோடியம் 15 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். சோடியத்தால் களித்துகள்கள் பிரிந்து நுண்துளைகளை அடைத்துவிடுவதால் மழைநீர் இறங்காமல் தேங்கும். காய்ந்ததும் மண் இறுகிவிடும்.

காரணங்கள்

வடிகால் இல்லாத வயலில் தொடர்ந்து பாசனம் செய்தால் நிலத்தடி நீர்மட்டம் உயர்கிறது. அந்நீர் ஆவியாகும்போது உப்பு மேல்மண்ணில் தங்குகிறது. உப்புக் கிணற்றுநீரைப் பாய்ச்சுவதும் இதே விளைவைத் தரும். கடலோரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்தால் கடல்நீர் உள்ளே புகும். 2004 டிசம்பர் 26 அன்று ஏற்பட்ட ஆழிப்பேரலையால் நாகப்பட்டினம் மாவட்டத்தின் வயல்களில் உப்பு படிந்தது.

வாழ்வாதார விளைவுகள்

விளைச்சல் குறையும்போது சிறு விவசாயிக்குச் செலவிட்ட முதலே திரும்புவதில்லை. நிலம் தரிசானால் நடவு, களையெடுப்பு, அறுவடை ஆகிய கூலி வேலைகளும் அற்றுப்போகின்றன. கடலோர இறால் பண்ணைகளிலிருந்து கசிந்த உப்புநீர் அருகிலிருந்த வயல்களையும் குடிநீர்க் கிணறுகளையும் கெடுத்தது. இதை எதிர்த்துச் சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்தில் பாரம்பரிய முறை சாராத இறால் பண்ணைகளை அகற்றுமாறு உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது.

சீர்திருத்தம்

உவர் நிலத்தில் வரப்புகளை உயர்த்தி, நல்ல நீரைத் தேக்கி, உப்பைக் கரைத்து வடித்தால் பெரும்பாலும் போதும். களர் நிலத்துக்கு மண் பரிசோதனைப்படி ஜிப்சம் இட வேண்டும். ஜிப்சத்திலுள்ள கால்சியம் சோடியத்தை வெளியேற்றும். வெளியேறிய சோடியத்தை நீருடன் வடிக்காவிட்டால் பயனில்லை. பின்னர் பசுந்தாள் உரப்பயிரான தக்கைப்பூண்டை விதைத்து, பூக்கும் தருவாயில் மடக்கி உழுவர். களர் நிலத்தில் காணப்படும் துத்தநாகக் குறைபாட்டைப் போக்கத் துத்தநாக சல்பேட் இடப்படும். களர் நிலங்களுக்கென்றே திருச்சி 1 போன்ற நெல் இரகங்கள் வெளியிடப்பட்டுள்ளன. பயிருக்கு ஒவ்வாத இடங்களில் கருவேலம் போன்ற தாங்குதிறனுள்ள மரங்களை வளர்க்கலாம்.