கிளாவர் ராஜாவை எப்போது கழிப்பது? 101 ரம்மியின் கடைசிக் கைகளில் சீட்டுத் தேர்வு

ஜொகூர் மாநிலம் கூலாயில் ஒரு வீட்டு முன்கூடத்தில் ஆடிய ஒரே ஒரு ரம்மிக் கையிலிருந்து இந்தக் கட்டுரை பிறந்தது. ஆட்டம் 101. ஆறு பேரோடு தொடங்கி, நள்ளிரவு தாண்டியபோது இருவர் மட்டும் மிஞ்சியிருந்தார்கள். ஒருவர் செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக (மேற்பார்வையாளராக) இருந்து ஓய்வுபெற்றவர். நான் மாமா என்று அழைப்பவர். எதிரே அவருடைய தங்கை மகன். காலையில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறவர். பணம் வைத்து ஆடவில்லை. கணக்கு மட்டும் 555 குட்டிப் புத்தகத்தில் ஏறிக்கொண்டிருந்தது. மலேசியாவில் மளிகைக் கடன் எழுதும் புத்தகம் அது. சீட்டுக் கணக்குக்கும் அதுவே வாகாக இருக்கிறது.

மாமாவின் புள்ளி 84. மருமகனுடையது 93. வெட்டு ஜோக்கர் எட்டு. மாமா கையில் இஸ்பேட் 5, 6, 7 ஜோக்கர் இல்லாத ஒரிஜினல் ரம்மியாகச் சேர்ந்திருந்தது. ஆட்டின் 10, ஜாக்கி, ராஜா மூன்றையும் ஒரு ஜோக்கர் இணைத்து இரண்டாம் வரிசை ஆக்கியிருந்தது. இஸ்பேட், ஆட்டின், கிளாவர் ஒன்பதுகள் ஒரு செட். ஆக, பத்துச் சீட்டு சேர்ந்துவிட்டது. மீதி நான்கு: கிளாவர் ராஜா, கிளாவர் ராணி, டைமன் 2, டைமன் 4. இவற்றில் ஒன்றைக் கழித்தாக வேண்டும்.

அவர் ராஜாவைக் கழித்தார். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். “என்ன மாமா, ராஜா ராணி ஜோடியைக் கலைச்சிட்டீங்க?” என்று கேட்டேன். “கையைப் பார்க்காத தம்பி, புத்தகத்தைப் பாரு” என்றார்.

அந்தப் பதில் எவ்வளவு தூரம் சரி என்பதுதான் இங்கே ஆராயப்படுகிறது. முழுக்கச் சரி என்பது என் முடிவு. ஆனால் ரம்மி ஆடுகிறவர்கள் பெரும்பாலும் அதற்குக் கொள்ளும் பொருளில் அல்ல. “புள்ளி ஏற ஏறப் பெரிய சீட்டைக் கையில் வைக்காதே” என்றுதான் எல்லா வீட்டிலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த விதி தவறு. இதே நான்கு சீட்டுகள் 30 புள்ளியில் ஒரு விடை தரும், 60-இல் வேறு விடை தரும், 84-இல் அந்த வேறு விடையே நிற்கும், 90-இல் மறுபடி முதல் விடைக்கே திரும்பும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இரண்டு கட்டுச் சீட்டு, கட்டுக்கு ஒரு அச்சு ஜோக்கர், மொத்தம் 106. எட்டுகள் எட்டில் ஒன்று மேசையில் திறந்து கிடக்கிறது. மீதி ஏழும் இரண்டு அச்சு ஜோக்கரும் சேர்த்து ஆட்டத்தில் ஒன்பது ஜோக்கர். ஒன்று மாமா கையில், வெளியே எட்டு. முதல் வழி, டைமன் நான்கைக் கழித்து ராஜா, ராணி, இரண்டை வைப்பது. அப்போது கிளாவர் ஏஸ் இரண்டு, கிளாவர் ஜாக்கி இரண்டு, கையில் உள்ள ஜோக்கரை விடுவிக்கும் ஆட்டின் ராணி இரண்டு, எட்டு ஜோக்கர் என 14 சீட்டில் எது வந்தாலும் ரம்மி சேரும். இரண்டாம் வழி, ராஜாவைக் கழித்து ராணி, இரண்டு, நான்கை வைப்பது. அப்போது டைமன் மூன்று இரண்டு, ஆட்டின் ராணி இரண்டு, ஜோக்கர் எட்டு; மொத்தம் 12. காத்திருப்பில் முதல் வழியே மேல். ஆனால் எதிராளி முந்திக்கொண்டால் முதல் வழியில் 22 புள்ளி ஏறும், இரண்டாம் வழியில் 16.

22-க்கும் 16-க்கும் ஆறு புள்ளி வித்தியாசம். இந்த ஆறு புள்ளியின் விலை எல்லா இடத்திலும் ஒன்றல்ல என்பதுதான் 101 ஆட்டத்தின் உயிர்நாடி. 101-ஐ எட்டியவர் வெளியே. முதல் சீட்டை எடுக்கும் முன்பே ஸ்கூட் விட்டால், அதாவது அந்தக் கையிலிருந்து விலகினால் 20, நடுவில் விட்டால் 40, ஒரிஜினல் சேராமல் மாட்டிக்கொண்டால் அதிகபட்சம் 80. இந்த மூன்று எண்களும் கணக்குப் புத்தகத்தில் மூன்று படிகளைக் கட்டிவைக்கின்றன. 20 புள்ளி வரை இருப்பவரை எந்த ஒரு கையும் கொல்லாது. 60 வரை இருப்பவர் நடு ஸ்கூட் விட்டுத் தப்பலாம். 80 வரை இருப்பவர் முதல் ஸ்கூட் விட்டு 100-இல் நிற்கலாம். 81 ஆகிவிட்டால் அந்தக் கதவும் சாத்திவிடும். அதன்பின் எவ்வளவு கேவலமான சீட்டு வந்தாலும் ஆடித்தான் ஆக வேண்டும்.

இப்போது நம் நான்கு சீட்டை அந்தப் படிகளில் ஏற்றிப் பாருங்கள். 30 புள்ளியில் இருப்பவர் தோற்றால் 52 அல்லது 46. இரண்டும் ஒரே படியில் கிடக்கின்றன; எந்த உரிமையும் போகவில்லை. அகலமான காத்திருப்பை விடுவதற்குக் காரணமே இல்லை, ராஜாவை வைக்கலாம். 60 புள்ளியில் இருப்பவர் தோற்றால் 82 அல்லது 76. 82 என்றால் இனி ஸ்கூட் கிடையாது; 76 என்றால் இன்னும் ஒருமுறை உண்டு. அதே ஆறு புள்ளி இங்கே ஓர் உரிமையின் விலை. 84-இல் நிற்பவருக்கோ 106 அல்லது 100, அதாவது சாவு அல்லது உயிர். 90-க்கு வாருங்கள்: 112 அல்லது 106. இரண்டும் சாவுதான். ராஜாவைக் கழித்து ஒன்றும் மிச்சமாகவில்லை. 14 சீட்டுக் காத்திருப்பை 12 சீட்டுக்கு விற்றதுதான் மிச்சம். எதிராளி முடிக்க இன்னும் இரண்டு மூன்று சுற்று ஆகும் என்று தெளிவாகத் தெரிந்தால் மட்டும், ராஜாவையும் ராணியையும் அடுத்தடுத்துக் கழித்துப் பத்துப் புள்ளிக்குள் இறங்கப் பார்க்கலாம். அது தெரியாதபோது 90-இல் ராஜாவைக் கலைப்பது பயத்தில் செய்யும் காரியம். நான் பார்த்த மேசைகளில் அதிகம் நடக்கும் பிழை இதுதான். கவனக்குறைவால் வரும் பிழை அல்ல, கவனமாக ஆடுகிறவர்களே செய்யும் பிழை.

84-இலும் ஒரு கேள்வி நிற்கிறது. 100-இல் பிழைத்திருப்பது உண்மையில் உயிரா? அடுத்த கையில் ஒரு புள்ளிகூட வாங்கக் கூடாது. வென்றே தீர வேண்டும். ஆகவே அந்த உயிரின் விலையை அளந்தாக வேண்டும். முதல் வழியில் இந்தக் கையை வெல்லும் வாய்ப்பு 0.48, இரண்டாம் வழியில் 0.42 என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். முதல் வழியில் கூடுதலாகக் கிடைப்பது, 0.06-ஐ ‘வென்றபின் ஆட்டத்தைப் பிடிக்கும் வாய்ப்பால்’ பெருக்கி வருவது. இரண்டாம் வழியில் கூடுதலாகக் கிடைப்பது, 0.58-ஐ ‘100-இலிருந்து ஆட்டத்தைப் பிடிக்கும் வாய்ப்பால்’ பெருக்கி வருவது. 100-இலிருந்து பிடிக்கும் வாய்ப்பு, வென்றபின் பிடிக்கும் வாய்ப்பில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினாலே ராஜாவைக் கழிப்பது சரி. எதிராளி 93-இல் இருக்கும்போது அது சுலபமாகத் தாண்டிவிடும். அவரும் கயிற்றின் மேல்தான் நடக்கிறார். அடுத்த கையை வென்றவருக்கே பெரும்பாலும் ஆட்டம். மாமாவின் 100 அங்கே ஏறக்குறையப் பாதி ஆட்டத்துக்குச் சமம்.

எதிராளி 12-இல் உட்கார்ந்திருந்தால் நிலை வேறு. அவர் கெட்ட சீட்டு வரும்போதெல்லாம் 20-க்கு ஸ்கூட் விட்டுக்கொண்டே இருப்பார். 100-இல் நிற்பவர் கை தவறாமல் வரிசையாக நான்கைந்து கை வெல்ல வேண்டும். உயிரின் விலை சரிந்துவிடுகிறது. அதோடு, ஜோக்கர்கள் எதிராளியின் கையில் குவிந்துவிட்டன என்று ஆட்டத்தின் போக்கில் ஊகிக்க முடிந்தால் காத்திருப்பு 14-க்கு 12 என்ற நிலை மாறி 6-க்கு 4 என்ற இடத்தை நோக்கிப் போகும். வாய்ப்புகள் 0.40, 0.24 என்று ஆனால், பத்தில் ஒன்றாக இருந்த எல்லை ஐந்தில் ஒன்றுக்கும் சற்று மேலே ஏறிவிடும். அங்கே ராஜாவை வைப்பதா கழிப்பதா என்பது தராசு முள் நடுவில் ஆடும் கேள்வி. எதிராளி போன சுற்றில் இன்னொரு கிளாவர் ராஜாவைக் கழித்தாரா, ஜாக்கி ஒன்று ஏற்கெனவே கீழே போய்விட்டதா என்பதெல்லாம் அப்போது முடிவையே திருப்பும். மாமா சொன்ன புத்தகத்தில் தம் வரிசையைவிட எதிராளியின் வரிசையைத்தான் கூர்ந்து படிக்க வேண்டியிருக்கிறது.

இது ரம்மிக்கு மட்டும் உரிய குணமல்ல. ஆங்கிலேயரின் கிரிபேஜ் ஆட்டத்தை 17-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சர் ஜான் சக்லிங் உண்டாக்கினார் என்று ஜான் ஆப்ரி எழுதிவைத்திருக்கிறார். அதில் ஆறு சீட்டு வாங்கி, நான்கை வைத்து, இரண்டைத் தள்ளுவார்கள். தள்ளிய சீட்டுகள் பங்கிட்டவரின் கணக்கில் தனிக் கையாகச் சேரும். இருவர் ஆடும் ஆட்டம் 121-இல் முடியும். கை எண்ணும்போது பங்கிடாதவர் முதலில் எண்ணுவார், பிறகு பங்கிட்டவர், கடைசியாகத்தான் அந்தத் தள்ளிய கை. ஆட்டத்தின் நடுவில் அந்தக் கைக்கு நல்ல விலை உண்டு. எதிராளி முதலில் எண்ணியே 121-ஐத் தொட்டுவிடுவார் என்ற கட்டத்தில் அதே கைக்கு விலையே இல்லை. அது எண்ணப்படும் முன்பே ஆட்டம் முடிந்துவிடும். சீட்டுக்கு நிலையான மதிப்பு இல்லை, புள்ளிப் பலகையில் குச்சி நிற்கும் இடம்தான் மதிப்பைத் தருகிறது என்பதில் கூலாயும் இலண்டனும் ஒன்றுபடுகின்றன.

இதில் சட்டத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது. தமிழ் வாசகர்கள் ரம்மியைப் பற்றி அதிகம் படித்தது நீதிமன்றச் செய்திகளில்தானே. செகந்தராபாத்தில் ஒரு பொழுதுபோக்கு மன்றத்தில் நடந்த சோதனையிலிருந்து எழுந்த சத்தியநாராயணா வழக்கில், 1967 நவம்பர் 22 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் ரம்மியை முற்றிலும் அதிர்ஷ்டத்தைச் சார்ந்த ஆட்டமாகக் கருத முடியாது என்றது. நீதிபதி ஹிதாயதுல்லா காட்டிய காரணங்கள் இரண்டு: விழும் சீட்டுகளை நினைவில் வைத்திருக்க வேண்டும்; எதை வைப்பது, எதைக் கழிப்பது என்பதற்குத் திறமை வேண்டும். 2021 ஆகஸ்டிலும் 2023 நவம்பரிலும் சென்னை உயர் நீதிமன்றம் தமிழக அரசின் இணைய ரம்மித் தடைகளை ஏற்க மறுத்தபோதும் அந்தப் பழைய வாசகம் அடித்தளமாக இருந்தது.

வைப்பதும் கழிப்பதும் திறமை என்றது சரியான நோக்கு. ஆனால் ரம்மி என்ற பொதுப்பெயரோடு அது நின்றுவிட்டது. கைக்குக் கை தீர்த்துக்கொண்டு, புள்ளிக்கு இவ்வளவு காசு என்று ஆடும் ஆட்டத்தில் நான் மேலே காட்டிய படிகள் எதுவும் கிடையாது. அங்கே 22-க்கும் 16-க்கும் இடையே எப்போதும் ஆறு புள்ளிதான். 30, 60, 84, 90 என்ற வேறுபாடே எழாது. சீட்டை நினைவில் வைக்கும் திறமை இரண்டிலும் உண்டு. கணக்கைப் படிக்கும் திறமை 101, 201 ஆட்டங்களில் மட்டுமே உண்டு. இரண்டும் ஒரே பெயரில் ஓர் ஆட்டமாக எண்ணப்பட்டதில், திறமையின் கனமான பாதி எங்கே இருக்கிறது என்பது யார் கண்ணிலும் படவில்லை. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டம் எதுவானாலும், திறமையோ அதிர்ஷ்டமோ இரண்டும் கலந்ததோ, தடை என்று சொல்லி அந்த விவாதத்தையே ஓரங்கட்டிவிட்டது.

மலேசியாவில் அந்த விவாதம் வேர்விட இடமே இருந்ததில்லை. 1953-ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்ட மனைகள் சட்டம், அதிர்ஷ்டமும் திறமையும் கலந்த ஆட்டத்தையும் பணத்துக்கோ பண மதிப்புள்ள பொருளுக்கோ ஆடினால் சூதாட்டம் என்றே வரையறுக்கிறது. ஜொகூர் மேசையில் ரம்மிக்குத் திறமை தேவை என்று நிரூபித்து எந்தச் சலுகையும் பெற முடியாது. எனக்கு இது ஆய்வுக்கு நன்மையாகவே படுகிறது. பணத்தை விலக்கிவிட்டு ஆடும் வீடுகளில் ஆட்டக்காரர் காப்பாற்ற நினைப்பது புத்தகத்தில் தம் பெயருக்கு நேரே இருக்கும் எண் ஒன்றை மட்டும்தான். பண நட்டத்தின் பயம் கலக்காத முடிவுகளைப் பார்க்க வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும்.

அந்த ஆட்டங்களுக்கென்று ஒரு வாரக் கணக்கும் இருக்கிறது. ஜொகூரில் 2014 முதல் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. 2025 ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறு. கூலாய் வீட்டில் வியாழன் இரவு விரித்த பாயை இப்போது வெள்ளி இரவு விரிக்கிறார்கள். முன்பு வெள்ளிக்கிழமை காலையில் சிங்கப்பூருக்குக் கிளம்ப வேண்டிய மருமகன் 12 மணிக்கே எழுந்துவிடுவாராம். இப்போது கடைசிக் கை வரை உட்காருகிறார். கடைசிக் கைகளைப் பற்றி எழுத எனக்கு வாய்த்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மாமா ராஜாவைக் கழித்த கைக்குத் திரும்புகிறேன். இரண்டு சுற்றுக்குப் பிறகு மருமகன் முடித்தார். மாமாவிடம் ராணி, இரண்டு, நான்கு. 555-இல் 100 என்று எழுதி அடியில் ஒரு கோடு போட்டார்கள். அடுத்த கை தொடங்கியது. அதில் மாமா தோற்றார். கழித்தது தவறென்று அது காட்டாது. பாதி வாய்ப்பு என்றால் பாதி முறை தோற்கத்தான் வேண்டும்.

நான் மேலே கணக்குக்காக வைத்துக்கொண்ட எண்களுக்கு உண்மை எண்களைத் தரக்கூடிய சான்று அந்தக் குட்டிப் புத்தகங்களில் இருக்கிறது. கை வாரியாக, ஆள் வாரியாகப் புள்ளி எழுதப்பட்டிருப்பதால், 100-இல் நின்றவர் எத்தனை முறை ஆட்டத்தைப் பிடித்தார், அப்போது எதிராளி எந்தப் படியில் இருந்தார் என்று எண்ணிவிடலாம். யார் எந்தச் சீட்டைக் கழித்தார் என்பது அவற்றில் இருக்காது. அதைக் குறித்துக்கொள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். தீர்ந்த புத்தகங்களை என்ன செய்கிறீர்கள் என்று மாமாவிடம் கேட்டேன். எடுத்து வைக்கிற வழக்கமில்லை என்றார். தேடிப் பார்த்து, சாமி அறை அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து மூன்றை எடுத்துக் கொடுத்தார்.