இரண்டு விநாடி தாமதம்

நேரடி ஒளிபரப்பை பிரெஞ்சில் 'ஆன் திரெக்த்' என்பார்கள். நேராக, நடுவில் எதுவும் நிற்காமல் வருவது என்று பொருள். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்கள் செட்டுக்கு இன்னும் அந்தச் சொல்தான் வாயில் வருகிறது. ஆனால் பக்கத்து வீட்டில் கேபிள், நம் வீட்டில் டிஷ் என்றால், விக்கெட் விழுந்த கூச்சல் முதலில் சுவரைத் தாண்டி வந்துவிடுகிறது. பந்து பிறகுதான் வீசப்படுகிறது. நமக்கு இது வேடிக்கை. ஜப்பான்காரர்களுக்கோ உயிர் சம்பந்தப்பட்ட விஷயமாகிவிட்டது.

பழைய அனலாக் டிவியில் காமிராவுக்கும் கூரை ஆன்டெனாவுக்கும் நடுவே தாமதம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. படம்தான் புள்ளி புள்ளியாக, சமயத்தில் ஆளுக்குப் பின்னால் அவர் நிழலோடு தெரியும். ஜப்பானில் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு 2003 டிசம்பர் 1 அன்று டோக்கியோ, ஒசாகா, நகோயா வட்டாரங்களில் தொடங்கியது. படம் கண்ணாடி போல ஆயிற்று. ஆனால் அத்தனை துல்லியமான படத்தை அப்படியே அனுப்ப முடியாது, சுருக்கித்தான் அனுப்ப வேண்டும். ஒரு படத்தை முந்தைய படத்தோடும் அடுத்த படத்தோடும் ஒப்பிட்டு, மாறிய பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வதுதான் அந்தச் சுருக்கம். அடுத்த படம் வரும் வரை காத்திருக்க வேண்டும் அல்லவா? வீட்டுப் பெட்டியும் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டுதான் விரிக்கிறது. எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய இரண்டு விநாடி ஆகிவிடும். கைபேசியில் பார்க்கும் சின்னத் திரை ஒளிபரப்புக்கு இன்னும் அதிகம்.

இதில் முதலில் பலியானது கடிகாரம். என்.எச்.கே. செய்திக்கு முன் விநாடி முள்ளோடு மணி காட்டும் வழக்கம் இருந்தது. டிஜிட்டலில் அந்த முள் பொய் சொல்லும் என்பதால் அனலாக்கோடு அதையும் நிறுத்திவிட்டார்கள்.

பூகம்பம்தான் பெரிய சிக்கல். நிலநடுக்கத்தில் முதலில் வரும் மெல்லிய அலை விநாடிக்கு 6, 7 கிலோமீட்டர் ஓடும். வீட்டை ஆட்டிச் சாய்க்கும் அலை பின்னால் 3.5, 4 கிலோமீட்டரில் வரும். முதல் அலையைப் பிடித்துக் கணக்குப் போட்டு, இரண்டாவது வருமுன் மக்களை எச்சரிப்பதை ஜப்பான் வானிலை முகமை 2007 அக்டோபர் 1 முதல் செய்கிறது. பலருக்குக் கிடைப்பது பத்து விநாடி, பதினைந்து விநாடி. அதில் இரண்டு போனால், அதற்குள் அலை 7 கிலோமீட்டர் ஓடியிருக்கும்.

பொறியாளர்கள் கண்ட வழி எளிமையானது. எச்சரிக்கை எழுத்தைப் படத்தோடு சேர்த்துச் சுருக்காமல் தனியாக அனுப்பினால், பெட்டியே அதைப் படத்தின் மேல் எழுதிவிடும். எழுத்து மொட்டையாக இருக்கும், ஸ்டூடியோவில் செய்தது போல அழகாக இருக்காது. இருந்துவிட்டுப் போகட்டும்! கூடவே ஒலிக்கும் மணியோசையை அமைத்தவர் தோரு இஃபுகுபே, செவித்திறன் ஆய்வாளர். தம் சித்தப்பா அகிரா இஃபுகுபேயின் சிம்பொனி ஒன்றிலிருந்து அதை எடுத்தார். காட்ஜில்லா படத்துக்கு இசையமைத்தாரே, அவரேதான் அந்தச் சித்தப்பா.

2011 மார்ச் 11, பிற்பகல் 2.46. என்.எச்.கே.யில் நாடாளுமன்ற மேலவைக் குழுக் கூட்டம் ஓடிக்கொண்டிருந்தது. முதல் அலை கருவியில் பட்ட 8.6 விநாடியில் எச்சரிக்கை வெளியாயிற்று. படத்தின் மேல் எழுத்து விழுந்தபோது டோக்கியோவில் இருந்த உறுப்பினர்களுக்கு ஆட்டம் இன்னும் போய்ச் சேரவில்லை. விநாடிக் கணக்கில் அந்த ஏற்பாடு தன் வேலையைச் செய்தது என்றே சொல்வேன்.

பிசகியது சுனாமிக் கணக்கு. மூன்று நிமிடத்தில் வந்த முதல் அறிவிப்பு மியாகிக்கு 6 மீட்டர், இவாதேக்கும் ஃபுகுஷிமாவுக்கும் 3 மீட்டர் என்றது. 3.14க்கு மியாகிக்கு 10 மீட்டருக்கு மேல் என்று திருத்தினார்கள். அதற்குள் பல ஊர்களில் மின்சாரம் போய்விட்டது. 3 மீட்டர் என்று கேட்டவர்களில் பலர் 10 மீட்டரைக் கேட்கவே இல்லை. (2004 டிசம்பர் 26 அன்று நமக்கும் காரைக்காலுக்கும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. சொல்லத்தான் ஆளில்லை.)

நாடு முழுவதும் 2011 ஜூலை 24 அன்று அனலாக்கை நிறுத்தியபோது, அடிபட்ட அந்த மூன்று மாநிலங்களில் மட்டும் 2012 மார்ச் 31 வரை ஓடவிட்டார்கள். 2013 மார்ச் முதல் மிகப் பெரிய பூகம்பமானால் முதல் அறிவிப்பில் மீட்டர் கணக்கே கிடையாது, 'ராட்சத அலை' என்று மட்டும் சொல்ல வேண்டும் என்று முறையை மாற்றினார்கள். என்.எச்.கே.யும் நிதானமான குரலை விட்டது. 2024 ஜனவரி 1 அன்று நோத்தோ தீபகற்பம் குலுங்கியபோது, அறிவிப்பாளர் கத்தியே சொன்னார், உடனே ஓடுங்கள் என்று. திரையில் சின்னப் பிள்ளைகளும் படிக்கும்படி பெரிய பெரிய ஹிராகானா எழுத்துகள், பாதிப் படத்தை மறைத்துக்கொண்டு.