வலசைப் பறவைகள் மீது வந்த பழி

வடபுலத்துப் பறவைகள் குளிர்காலத்தில் தென்கடற்கரையை நாடி வருதலும், வேனில் தொடங்குமுன் மீளுதலும் தமிழர் பன்னெடுங்காலமாக அறிந்த செய்திகளாகும். புறநானூற்றின் 67ஆம் பாடலில் பிசிராந்தையார், குமரித் துறையில் மேய்ந்து வடமலைக்குத் திரும்பும் அன்னச் சேவலைக் கோப்பெருஞ்சோழனிடம் தூது விடுக்கின்றார். சத்திமுற்றப் புலவர் ஒரு நாரையிடம் தம் வறிய நிலையை மனைவிக்கு உரைக்குமாறு வேண்டுகின்றார். பறவை செல்லும் திசையை அறிந்தன்றோ இப்புலவர்கள் தூது விடுத்தனர்!

இத்தகைய பறவைகள் மீது இருபதாம் நூற்றாண்டில் ஒரு பெரும்பழி வந்து சேர்ந்தது. அது எழுந்த இடம் நாம் வாழும் இக்கருநாடகமே. 1957இல், அன்றைய மைசூர் மாநிலத்தின் சிமோகா மாவட்டத்தில், கியாசனூர்க் காட்டுப் பகுதியில் குரங்குகள் மடிந்தன. மக்களும் கடுங்காய்ச்சலுக்கு இரையாயினர். புனா நகர வைரசு ஆய்வு நிலையத்தார் அதற்குக் காரணமான புதிய வைரசைக் கண்டறிந்தனர். அது உண்ணிகளால் பரவுவது. உருசிய நாட்டு நோய்க்கிருமிகள் சிலவற்றோடு உறவுடையது. எனவே, சைபீரியாவிலிருந்து வரும் பறவைகளே உண்ணியைச் சுமந்து வந்தனவோ என்னும் ஐயம் பிறந்தது.

ஐயம் பிறந்தவுடன் தண்டனை வழங்காது, அறிஞர்கள் சான்று தேடினர். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், உலகச் சுகாதார நிறுவனத்தின் துணையோடு, டாக்டர் சாலிம் அலியின் தலைமையில் 1959இல் பறவை வலசை ஆய்வைத் தொடங்கியது. பறவைகளை வலையிற் பிடித்து, உடலிலுள்ள உண்ணிகளை ஆராய்ந்து, காலில் எண் பொறித்த இலேசான உலோக வளையமிட்டுப் பறக்கவிட்டனர். அவ்வளையங்களுட் சில பின்னர்ச் சோவியத் நாட்டில் கிடைத்தன. பறவைகள் கடந்த தொலைவு ஐயத்திற்கு இடமின்றி உறுதியாயிற்று. ஆனால், கியாசனூர் நோயை அவை கொண்டுவந்தன என்பதற்குச் சான்று கிட்டவில்லை. காட்டு உண்ணிகள், சிறு பாலூட்டிகள், குரங்குகள் ஆகியவற்றினிடையே அந்நோய் நிலவுவதை ஆய்வுகள் காட்டின.

நோயச்சத்தால் தொடங்கிய ஆய்வு, பறவையியலுக்குப் பெருஞ்செல்வமாயிற்று. அதன் முதன்மைக் களங்களுள் ஒன்றாகத் திகழ்ந்தது கோடியக்கரை. சோழநாட்டுக் கடற்கரை மேற்கு நோக்கித் திரும்பும் முனை அது. வடகிழக்குப் பருவமழையால் அதன் உவர்நீர் நிலைகள் நிரம்பும் காலத்தில் பூநாரைகளும் உள்ளான்களும் ஆலாக்களும் அங்குத் திரள்கின்றன. 1967இல் காட்டுயிர்ப் புகலிடமாக அறிவிக்கப்பெற்ற கோடியக்கரை, 2002இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்புடைய சதுப்புநிலமாகவும் ஏற்கப்பெற்றது.

இன்று தொலைநோக்கியோடு அங்குச் செல்வோர், பறவையின் பெயரையும் எண்ணிக்கையையும் குறித்துக்கொள்கின்றனர். அவற்றோடு இவ்வரலாற்றையும் நினைவிற் கொள்ளுதல் தகும். அயலிலிருந்து வருவோர் மீது பழி சுமத்துதல் எளிது. அதனை ஆராய்ந்து தெளிதல் அரிது. அவ்வரிய செயலை அறிஞர்கள் செய்தமையாற்றான் பறவைகள் பழி நீங்கின. நாமும் அவற்றின் வழியை அறிந்தோம். அவை வந்து தங்கும் சேற்று நிலத்தையும் உவர்நீரையும் கெடாமற் காத்தலே இனி நாம் ஆற்றவேண்டிய கடன்.