பொய்த் தாதும் மெய்த் தாதும்: லாப்லாந்தின் செம்பு–நிக்கல்–பிளாட்டினத் தேடல் குறித்து

கனிமக் கண்டுபிடிப்புகளின் வரலாற்றில் அதிர்ஷ்டக் கதைகளுக்குக் குறைவில்லை. கனடாவின் லாப்ரடார் கடற்கரையில் 1993-இல் வைரம் தேடிப் போன இருவர் துருவேறிய ஒரு குன்றைக் கண்டார்கள். அங்கே தட்டியெடுத்த கல்லில் செம்புச் சல்பைடு மின்னியது. அடுத்த ஆண்டு துளையிட்டபோது உலகின் பெரிய நிக்கல் படிவுகளில் ஒன்று வெளிப்பட்டது. வோய்சிஸ் பே என்ற அந்த இடத்தை 1996-இல் இன்கோ நிறுவனம் ஏறத்தாழ 430 கோடி கனடிய டாலருக்கு வாங்கியது. வைரம் தேடியவர்களுக்கு நிக்கல் கிடைத்த கதையைப் பாடநூல்கள் இன்றும் விரும்பிச் சொல்கின்றன.

கதை உண்மைதான். ஆனால் அதிலிருந்து எடுக்கப்படும் பாடம் தவறானது. லாப்ரடாரில் துருவேறிய பாறைக்குப் பஞ்சமே இல்லை. அப்பகுதியின் தாசியுயாக் நைஸ் பாறையில் கிராஃபைட்டும் இரும்புச் சல்பைடும் இயல்பாகவே உண்டு. மழையும் பனியும் பட்டால் அது துருவேறித்தான் தெரியும். அத்தனை துருவுக்கிடையே ஒரு துரு மட்டும் எப்படி வேறானது என்பதே கேள்வி. வடபுலத்தில் தேடுபவருக்குத் தடயங்கள் குறைவு என்பது வெளியிலிருந்து பார்ப்பவரின் எண்ணம். உள்ளே போனவருக்குத் தடயங்கள் மிகுதியாக இருப்பதுதான் தொல்லை. செம்பு, நிக்கல், பிளாட்டினக் குழு உலோகங்கள் ஆகியவற்றின் தேடல் என்பது அடிப்படையில் தாதுவைப் போலத் தோன்றி ஏய்ப்பவற்றை ஒவ்வொன்றாக விலக்கும் வேலை என்பதே என் வாதம். ஓரிடம் தேடலுக்குத் 'தொலைவானது' ஆவதும் மைல்கணக்கால் அல்ல, ஒரு ஐயத்தைத் தீர்க்க ஆகும் செலவால். இதற்குப் பின்லாந்தின் லாப்லாந்தைவிடப் பொருத்தமான களம் எனக்குத் தெரியவில்லை.

இவ்வகைத் தாது எப்படி உருவாகிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பூமியின் மூடகத்திலிருந்து மேலேறும் மக்னீசியம் மிகுந்த பாறைக்குழம்பில் நிக்கல், செம்பு, பிளாட்டினம், பல்லேடியம் எல்லாம் உண்டு, ஆனால் மிகச் சிதறலாக. குழம்பு வழியில் கந்தகம் நிறைந்த பாறையைக் கரைத்து விழுங்கினால், கரைய இடமில்லாத கந்தகம் சல்பைடுத் துளிகளாகப் பிரிகிறது. மோரைக் கடையக் கடைய வெண்ணெய் திரள்வதுபோல இந்தத் துளிகள் உலோகத்தைத் திரட்டுகின்றன. வெண்ணெய் மிதக்கும், இவை கனத்தால் மூழ்கும் என்பது மட்டுமே வேறுபாடு. குழம்பைவிடத் துளியில் நிக்கல் சில நூறு மடங்கும், செம்பு ஏறத்தாழ ஆயிரம் மடங்கும், பிளாட்டினமும் பல்லேடியமும் பல்லாயிரம் மடங்கும் அதற்கு மேலும் சேரும். ஒரு துளி எவ்வளவு குழம்பைத் தொட்டுக் கடந்தது என்பதைப் பொறுத்தே அதன் செழுமை அமையும். இந்த விகிதத்தை 1979-இல் புவியியலாளர்கள் கேம்ப்பெல்லும் நால்ட்ரெட்டும் கணித முறையில் வகுத்தார்கள். ஆகவே பெரிய பாறைத் திரளைவிட, குழம்பு நெடுங்காலம் ஓடிய குறுகிய வாய்க்கால்களே தேடுவோரின் இலக்கு. அகன்ற இடத்தில் ஓட்டம் தளர்ந்து துளிகள் படியும். குறுகிய வாயில் புதுக்குழம்பு வந்துகொண்டே இருக்கும்.

இந்த விளக்கத்தில் தேடுவோருக்கு உதவும் ஒன்று ஒளிந்திருக்கிறது. துளிகள் உலோகத்தை எடுத்துச் சென்றுவிட்டால், மிஞ்சிய குழம்பு வறியதாக வேண்டும். சைபீரியாவின் நோரில்ஸ்க்கில் அப்படியே நடந்தது. சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே பரவிய எரிமலைக் குழம்புப் படிவுகளில் நாடெஷ்டின்ஸ்கி எனப்படும் அடுக்கு நிக்கலும் செம்பும் வழக்கத்தைவிட மிகக் குறைந்தும், பிளாட்டினக் குழு உலோகங்கள் அனேகமாக இல்லாமலும் காணப்படுகிறது. அங்கே காணாமற்போன உலோகம் அதே குழம்பு கடந்த நிலத்தடி வழிகளில் சேர்ந்தது எனப் பலர் வாதிடுகிறார்கள். அங்குள்ள கந்தகத்தின் ஓரிடத்தான் விகிதமும், குழம்பு உப்புநீர் ஆவியாகிப் படிந்த சுண்ணாம்புச் சல்பேட்டு அடுக்குகளை விழுங்கியதைக் காட்டுகிறது. இல்லாத உலோகத்தை வைத்து இருக்கும் உலோகத்தைக் கண்டறிவது! பாறையில் ஆலிவின் என்ற கனிமத்தின் நிக்கல் அளவைச் சோதிப்பதும் இதே வழிதான். எதிர்பார்த்ததைவிட நிக்கல் குறைந்த ஆலிவின் கிடைத்தால் புவியியலாளர் ஏமாற மாட்டார், நிமிர்ந்து உட்காருவார்.

இப்போது லாப்லாந்து. சோடன்கூலா ஊருக்கு வடக்கே, ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி, 200 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய எரிமலைப் பாறைகளும் படிவுப் பாறைகளும் கலந்த பசும்பாறைப் பட்டை விரிகிறது. 1987-இல் பின்லாந்துப் புவியியல் ஆய்வகம் இங்கேதான் கெவிட்சா படிவைக் கண்டது. 2012-இல் அங்கே சுரங்கம் தொடங்கியது. 2016 முதல் அது ஸ்வீடனின் போலிடென் நிறுவனத்திடம் இருக்கிறது. அங்கிருந்து சற்றுத் தெற்கே 2009-இல் ஆங்கிலோ அமெரிக்கன் நிறுவனம் சகாட்டி படிவைக் கண்டது. மதிப்பீட்டின்படி சகாட்டியில் 4.44 கோடி டன் தாது இருக்கிறது. அதில் சராசரியாகச் செம்பு 1.9 விழுக்காடு, நிக்கல் 0.96 விழுக்காடு, பிளாட்டினம் டன்னுக்கு 0.64 கிராம், பல்லேடியம் 0.49 கிராம். இரண்டுக்கும் இடையே அதிகத் தூரமில்லை. ஒரே பசும்பாறைப் பகுதியில் இருந்தும், ஒன்றைக் கண்டதற்குப் பிறகு மற்றதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

காரணங்களைத் தேடும்போது முதலில் மண்ணையே பார்க்க வேண்டும். பின்லாந்தின் தேடல் மரபு பாறைத்துண்டுகளின் மேல் எழுந்தது. 1908-இல் கிடைத்த ஒரு செம்புத் தாதுப் பாறாங்கல்லைப் பனிப்படலம் எந்தத் திசையிலிருந்து இழுத்துவந்தது என்று பின்னோக்கிப் பார்த்து, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் அப்பால் 1910-இல் ஓட்டோ டுருஸ்டெட் ஓட்டோகும்பு படிவைக் கண்டார். அந்நாட்டின் சுரங்கத் தொழிலே அதன்மேல் வளர்ந்தது. பொதுமக்கள் தாங்கள் கண்ட கற்களை அரசு ஆய்வகத்துக்கு அனுப்பிவைக்கும் வழக்கமும், 1960-களில் சல்பைடு மணத்தை மோப்பம் பிடிக்க நாய்களைப் பழக்கிய முயற்சியும் இதே மரபின் கிளைகள். ஆனால் இந்த முறைக்கு நகர்ந்த பனி வேண்டும். மத்திய லாப்லாந்து பனிப்படலத்தின் நடுமுகடாக இருந்த இடம். அங்கே பனி அதிகம் நகரவில்லை, அதிகம் சுரண்டவும் இல்லை. பனியுகத்துக்கு முன்பே மக்கிய பாறை பல இடங்களில் அப்படியே கிடக்கிறது. எனவே பனி கொண்டுவந்த கற்களும் குறைவு, பாறைத் தளமும் தெரிவதில்லை. (நம் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் பிளாட்டினக் குழு உலோகம் கலந்த குரோமைட் அடுக்குகளைக் கண்ணாலேயே பார்த்துத் தொட்டுவிடலாம். அந்த வசதி லாப்லாந்தில் இல்லை.) படிவு மண்ணின் அடியாழம்வரை சிறு துளைகள் போட்டு, பாறையை ஒட்டிய மண்ணை எடுத்துச் சோதிக்க வேண்டியிருக்கிறது.

மண்ணில் நிக்கல் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனிதான் சிக்கல். இப்பகுதியில் கொமட்டைட் எனும் மக்னீசியம் மிகுந்த எரிமலைப் பாறை பரவிக் கிடக்கிறது. அதன் ஆலிவினில் கந்தகத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத நிக்கல் ஏராளம். அந்த மண்ணைச் சோதித்தாலும் நிக்கல் வரும், உருக்கி எடுக்கும் வழி மட்டும் இராது. ஆகவே நிக்கலோடு செம்பும் ஏறியிருக்கிறதா, பல்லேடியமும் பிளாட்டினமும் ஏறியிருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். ஆலிவினில் செம்புக்கு இடமில்லை. பல்லேடியமும் பிளாட்டினமும் சல்பைடு இல்லாமல் இப்படிச் சேர்வது அரிது. பிளாட்டினக் குழு உலோகங்களை உபரி வருவாயாகவே கணக்கெழுதுவது வழக்கம். சுரங்கத்தின் வரவுசெலவில் அது சரி. தேடலின் தர்க்கத்தில் அவையே முதன்மைச் சாட்சி. பிற சாட்சிகள் எல்லாம் கூட்டுச் சேர்ந்து பொய் சொல்லக்கூடியவை.

வானிலிருந்து எடுக்கும் மின்காந்த அளவீடும் இதே கதைதான். திரண்ட சல்பைடு மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். எனவே விமானத்திலிருந்து அனுப்பும் துடிப்புக்கு நிலத்தடியில் நீடித்து அடங்கும் எதிரொலி கிடைத்தால் தேடுவோர் பரபரப்படைகிறார்கள். ஆனால் கிராஃபைட் கலந்த கருஞ்சிஸ்டும் அதே எதிரொலி தரும், சில இடங்களில் அதைவிட வலுவாக. மத்திய லாப்லாந்தில் இக்கருஞ்சிஸ்டு பட்டைகள் பல. ஈர்ப்பு அளவீடு துணைக்கு வரலாம்: தாதுவைச் சுமக்கும் ஆலிவின் பாறை கனமானது, கருஞ்சிஸ்டு அப்படியில்லை. அதிலும் ஏமாற்றம் உண்டு. ஆலிவின் பாறை நீரோடு சேர்ந்து சர்ப்பென்டைனாக மாறினால் அதன் அடர்த்தி சரிந்து, காந்தத்தன்மை மட்டும் கூடும். எதிர்த்திசையிலும் பிழை நேரும். கெவிட்சாவில் உள்ளதைப்போலச் சல்பைடு துளித்துளியாகச் சிதறி ஒன்றையொன்று தொடாமல் இருந்தால், அது மின்காந்த அளவீட்டுக்குப் புலப்படாமலே போகலாம்.

கருஞ்சிஸ்டிடம் இங்கே சற்று நிற்க வேண்டும். கெவிட்சாவின் கந்தகத்தில் ஒரு பகுதியையேனும் இப்படிப்பட்ட கருஞ்சிஸ்டே தந்தது எனப் பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தேடுபவரைத் திசைதிருப்பும் அதே பாறை தாதுவின் பெற்றோருள் ஒன்று. எனவே அதை இரைச்சல் என்று வடிகட்டித் தள்ளிவிட முடியாது. எங்கே கருஞ்சிஸ்டு உண்டோ அங்கேதான் சல்பைடு உருவாகும் வாய்ப்பும் கூடும், அங்கேதான் மின்காந்த அளவீடு பொய்யும் சொல்லும். ஆக, தடயமும் ஏமாற்றும் ஒரே காரணத்திலிருந்து பிறக்கின்றன. அந்தக் காரணத்தை விலக்காமல் விளைவை மட்டும் பிரிப்பதே இத்தேடலின் உண்மையான சிரமம்.

கெவிட்சாவின் துளைக்கற்களில் இது கைக்கெட்டும் தூரத்தில் தெரிகிறது. அங்கே 'பொய்த் தாது' என்றே பெயரிடப்பட்ட ஒரு வகை உண்டு. ஒரு பெட்டியில் வரிசையாக அடுக்கிய உருளைக்கற்களில் வெண்கலப் பழுப்பில் பிர்ரோடைட் என்ற இரும்புச் சல்பைடு தாராளமாய்ப் பரவியிருக்கும். பார்த்த கண்ணுக்கு அமோகமான தாது. சோதனைக் கூடத்தில் நிக்கலும் செம்பும் பிளாட்டினமும் கணக்கில் எடுக்கத் தகாத அளவில் வரும். அதே படிவின் வேறொரு பகுதியில் நிக்கல்–பிளாட்டினத் தாது எனப்படும் வகை இருக்கிறது. அதில் சல்பைடு கண்ணுக்குச் சொற்பமாகவே தெரியும், ஆனால் இருக்கும் சல்பைடில் உலோகம் செறிந்திருக்கும். கந்தகம் மிகுதியாகச் சேர்ந்தால் உலோகம் பங்குபோட்டு நீர்த்துவிடும் என்ற விளக்கம் முதல் வகைக்குப் பெருமளவு பொருந்துகிறது. இரண்டாவது வகை எப்படி உண்டானது என்பதில் கருத்து வேறுபாடு தொடர்கிறது. கண்ணில் படும் சல்பைடின் அளவும் உலோகத்தின் அளவும் எதிர்த்திசையில் போவதை ஒரே படிவுக்குள் காட்டுவதால் கெவிட்சா நமக்கு முக்கியமாகிறது. சகாட்டியின் திரண்ட தாதுவில் செம்பு நிக்கலை மிஞ்சுவதும் இதே கவனத்துக்குரியது. சல்பைடுக் குழம்பு குளிரும்போது நிக்கலும் இரும்பும் மிகுந்த கனிமம் முதலில் உறையும். செம்பும் பிளாட்டினமும் பல்லேடியமும் கடைசிவரை திரவமாக நின்று, கிடைத்த விரிசலில் நகரும். எனவே செம்பு மிகுந்த ஒரு நரம்பு கிடைத்தால், நிக்கல் மிகுந்த உடல் அதே இடத்தில் இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது.

இந்த ஐயங்கள் அனைத்தையும் தீர்ப்பது கடைசியில் துளைதான். சகாட்டி படிவின் பெரும்பகுதி வீன்கியாபா சதுப்பின் அடியில் கிடக்கிறது. 65 சதுர கிலோமீட்டர் பரந்த அச்சதுப்பு ஐரோப்பிய ஒன்றியத்தின் நேச்சுரா 2000 பாதுகாப்பு வலையமைப்பில் உள்ளது. மஞ்சள் சதுப்புச் சாக்ஸிஃப்ரேஜ் போன்ற அரிய தாவரங்கள் வளரும் இடம், கலைமான் மேய்ச்சல் நடக்கும் நிலப்பரப்பு. நிலம் இறுகிய குளிர்காலத்தில்தான் துளை எந்திரம் ஏறலாம். பனி ஒரு போர்வை என்பதால், அதை மிதித்து இறுக்கினால்தான் குளிர் அடியில் இறங்கிக் கரி மண்ணை எந்திரம் தாங்கும் அளவுக்கு உறைய வைக்கும். துளையிடும்போது வெளிவரும் நீரையும் பாறைத்தூளையும் சதுப்பில் விடாமல் மூடிய தொட்டிகளில் சேகரித்து எடுத்துச் செல்ல வேண்டும். குழாயில் நீர் உறையாமல் காப்பதே அந்தக் குளிரில் தனி வேலை. வசந்தம் வந்து நிலம் இளகினால் அடுத்த குளிர்காலம்வரை கேள்வி அப்படியே தொங்கும்.

இப்படிப் பார்த்தால், தேடல் வேறு, சுரங்கம் வேறு எனச் சட்டம் பிரிப்பது முழுமையானதாகத் தோன்றவில்லை. அனுமதி முறையில் அவை இரண்டு கட்டங்கள்தான். ஆனால் ஒவ்வொரு துளையும் ஒரு பொருளாதார உரிமையை வலுப்படுத்துகிறது, அடுத்த துளைக்கு நியாயம் தேடித் தருகிறது. வோய்சிஸ் பேயில் அங்குள்ள இன்னு, இனுயிட் பழங்குடி மக்கள் 1997-இல் சாலைக்கும் விமானத் தளத்துக்கும் எதிராக நின்றது சுரங்கம் தொடங்க எட்டு ஆண்டுகளுக்கு முன். அங்கே இணக்க ஒப்பந்தங்கள் 2002-இல் கையெழுத்தாகின. 2005-இல்தான் உற்பத்தி தொடங்கியது. சகாட்டியில் சதுப்பின் மேற்பரப்பைத் தொடாமல், பாதுகாப்பு எல்லைக்கு வெளியிலிருந்து சுரங்கப்பாதை அமைத்துத் தாதுவை எடுக்கலாம் என்பது நிறுவனத்தின் திட்டம். 2025 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தன் உத்திசார் திட்டங்களின் பட்டியலில் சேர்த்தது. நிலத்தடி நீர் எப்படி நகரும் என்பதுதான் உண்மையான விவாதம். சதுப்பு என்பது நீர்மட்டமே. அதில் சில சென்டிமீட்டர் மாறினால் தாவர வகையே மாறும். உத்திசார் பட்டியலில் இடம்பெறுவதால் அந்த நீரியல் கேள்விக்கு விடை கிடைத்துவிடாது.

எதிர்வாதம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கணினிக் கற்றல் முறைகள் இந்தப் பிரித்தறிதலை மனிதரைவிட நன்றாகச் செய்யும், துளைகளின் தேவை குறையும் என்கிறார்கள். ஓரளவு உண்மை. ஆனால் அம்முறைகளுக்கு எடுத்துக்காட்டுகள் வேண்டும். மெய்யான படிவுகள் விரல்விட்டு எண்ணும் அளவே. மிகுதியாக இருப்பவை ஏமாற்றிய இடங்கள்தான். பின்லாந்தில் தேடல் அனுமதி முடியும்போது தரவுகளை அரசிடம் ஒப்படைக்கச் சட்டம் கோருகிறது. லோப்பியில் உள்ள தேசியத் துளைக்கல் காப்பகத்தில் 30 லட்சம் மீட்டருக்கும் மேற்பட்ட உருளைக்கற்கள் அடுக்கப்பட்டுள்ளன. பிற நாடுகள் பலவற்றோடு ஒப்பிட்டால் இது பெரிய சாதனை. ஆயினும் ஒப்படைக்கப்படுபவை பெரும்பாலும் அளவீடுகளும் வேதியியல் முடிவுகளும். ஓர் எதிரொலியை ஏன் கருஞ்சிஸ்டு என்று முடிவு செய்தார்கள், எந்தத் துளைக்கு முன் என்ன எதிர்பார்த்தார்கள், ஏன் கைவிட்டார்கள் என்ற காரணங்கள் நிறுவனக் குறிப்பேடுகளில் தங்கிவிடுகின்றன. அடுத்து வருபவர் அதே கருஞ்சிஸ்டில் மறுபடியும் துளையிடுகிறார், சில வேளைகளில் அதே சதுப்பில். அனுமதி புதுப்பிக்கும்போது விலக்கப்பட்ட இலக்குகளின் காரணப் பட்டியலையும் கேட்க வேண்டும் என்பது என் பரிந்துரை. அதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை, விண்ணப்பப் படிவத்தில் ஒரு பக்கம் கூடும், அவ்வளவே.