குறைகளை எழுதச் சொன்ன மன்னர்

பிரெஞ்சுப் புரட்சி என்றதும் நம் நினைவில் எழுவது 1789 ஜூலை 14 அன்று வீழ்ந்த பாஸ்டில் சிறை. வறுமை, வரிச்சுமை, வால்டேர், ரூசோ என்று அதன் காரணங்களை வரிசையாகப் படித்திருக்கிறோம். ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. 1709-ஆம் ஆண்டின் கடுங்குளிரிலும் பஞ்சத்திலும் பிரான்சில் லட்சக்கணக்கானோர் மாண்டனர். அப்போதும் போர்களால் கருவூலம் வறண்டுதான் கிடந்தது. ஆனால் அரியணை அசையவில்லை. எண்பது ஆண்டுகளில் மாறியது என்ன?

முதலில் பொருளாதாரம். அமெரிக்க விடுதலைப் போருக்காக பிரான்ஸ் நூறு கோடி லிவருக்கும் மேல் செலவிட்டது. அதில் பெரும்பகுதி கடன். 1788-இல் அரசின் செலவில் ஏறத்தாழப் பாதி கடனுக்கே போயிற்று. அரண்மனைச் செலவோ நூற்றுக்கு ஆறு அளவுதான். அரசியின் ஆடம்பரமே நாட்டை அழித்தது என்பது கணக்குக்கு ஒவ்வாத கதை. அவ்வாண்டு ஆகஸ்டில், புதுச்சேரியிலிருந்து கப்பலேறிச் சென்ற திப்பு சுல்தானின் தூதர்கள் வெர்சாயில் பதினாறாம் லூயியைக் கண்டு, ஆங்கிலேயருக்கு எதிராகப் படையுதவி கோரினர். மரியாதை கிடைத்தது, படை கிடைக்கவில்லை. அதே மாதத்தில் அரசு தன் கடன்களை ரொக்கமாகத் தீர்க்க இயலாமல் நின்றது.

அடுத்தது சமூகம். 'தாய்' எனப்பட்ட முதன்மையான நேரடி வரியின் சுமை பெரும்பாலும் உழவர்கள்மீதே விழுந்தது. குருமார்களும் பிரபுக்களும் விலக்குப் பெற்றிருந்தனர். 1781-இல் வந்த ஓர் ஆணை, நான்கு தலைமுறைப் பிரபுத்துவத்தை நிறுவ முடியாதவர்க்குப் படை அதிகாரப் பதவிகளின் கதவைச் சாத்தியது. பொருளும் கல்வியும் பெற்றிருந்த நடுத்தர வகுப்பு, தகுதியைவிடப் பிறப்பே பெரிது என்று மீண்டும் ஒருமுறை உணர்த்தப்பட்டது. 1788 ஜூலையில் ஆலங்கட்டி மழை பயிரை அழித்தது. 1789 பிப்ரவரியில் பாரிசில் நான்கு பவுண்டு ரொட்டியின் விலை பதினான்கரை சூ. எளிய தொழிலாளியின் நாட்கூலியில் பாதிக்கும் மேல்.

மூன்றாவது சிந்தனை. தீதரோவின் கலைக்களஞ்சியம் 1751 முதல் 1772 வரை தொகுதி தொகுதியாக வெளிவந்தது. எல்லை கடந்து களவாக வந்த, அரசவையை எள்ளி நகையாடிய நூல்களும் பரவலாக வாசிக்கப்பட்டன என்று வரலாற்றாசிரியர் ராபர்ட் டார்ண்டன் காட்டியிருக்கிறார். 1781-இல் நிதிப் பொறுப்பிலிருந்த நெக்கர் அரசின் வரவு செலவை அச்சிட்டு வெளியிட்டார். போர்ச் செலவை மறைத்த கணக்குத்தான் அது. எனினும் மன்னரின் பணப்பை குடிமக்கள் பேசத்தக்க பொருளாகிவிட்டது.

இம்மூன்றையும் ஒன்றாகப் பிணைத்தது மன்னரின் அழைப்பே என்று நமக்குத் தோன்றுகிறது. 1614-க்குப் பின் கூடாதிருந்த ஸ்டேட்ஸ் ஜெனரலை, புதிய வரிகளுக்கு வழிதேடி அவர் கூட்டினார். அதன் முன்னோடியாக ஊர்தோறும் குறைகளை எழுதித் தரும்படி கேட்கப்பட்டது. சுமார் 60,000 குறையேடுகள் எழுந்தன. உப்பு வரி, நிலப்பிரபுவின் வேட்டை உரிமை, விதைத்ததைத் தின்னும் அவருடைய புறாக்கள் என நீண்டன அந்த முறையீடுகள். முடியாட்சியை ஒழிக்க அவை கோரவில்லை. மன்னர் கேட்பார் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை அவை. ஆனால் எழுதப்பட்ட கணத்திலேயே, விதி என்று சுமந்த துன்பம் தீர்க்கப்பட வேண்டிய குறையாக உருமாறியது. 1709-இல் இல்லாதது இதுவே.

அவ்வேடுகளிலும் எல்லோர் குரலும் சமமாக ஒலிக்கவில்லை. ஊர்களின் ஏடுகளை மாவட்ட அளவில் தொகுத்தவர்கள் பெரும்பாலும் நகரத்துக் கற்றோர். உழவனின் முறையீடு அவர்கள் கையில் மெலிந்தது. 1789 ஆகஸ்ட் 4 இரவில் நிலப்பிரபுத்துவம் ஒழிந்ததாக முழங்கப்பட்டபோதும், பல பாத்தியதைகளை உழவர்கள் விலை கொடுத்தே மீட்க வேண்டியிருந்தது. இழப்பீடின்றி அவை நீங்க 1793 ஜூலை வரை காத்திருக்க நேர்ந்தது. புரட்சி பாஸ்டிலோடு முடியாமற்போனதன் காரணங்களுள் ஒன்றை நாம் இங்கேதான் தேட வேண்டும்.